ஸ்காபரோவிலிருந்து நோவை: நாலு மணித்தியாலத் தூரம்தானே என்று வந்தேன்

மார்க்கம்வீதி
மார்ச் 3, இரவு 11:40

எல்லோருக்கும் வணக்கம். ஏழு மாதமாக வாசித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன், இன்றைக்குத்தான் எழுதத் துணிவு வந்தது.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, நாலு வயதில் கனடா வந்து, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வளர்ந்தவள். கனடாக் குடியுரிமை இருக்கிறது. கணவர் மதுரைக்காரர், மிச்சிகனில் நோவை என்ற ஊரில் இருந்து கார்களுக்கு மென்பொருள் எழுதுகிறார், எச்-1பி வேலை விசா. போன ஆகஸ்டில் கல்யாணம் முடிந்து வின்சர் பாலத்தால் காரிலேயே வந்துவிட்டேன். கனடாப் பாஸ்போர்ட் என்றால் எச்-4க்கு (எச்-1பிக்காரரின் துணைக்கான அனுமதி) விசா முத்திரை தேவையில்லை. எல்லையில் கல்யாணச் சான்றிதழையும் அவருடைய அனுமதித் தாளையும் காட்டினேன், அரை மணித்தியாலத்தில் விட்டுவிட்டார்கள். அம்மா பின்னால் வந்த காரில் அழுதுகொண்டிருந்தா. "பக்கத்திலதானே அம்மா, 401 நெடுஞ்சாலையில ஏறினா நாலு மணித்தியாலம்" என்று நான்தான் சமாதானம் சொன்னேன்.

ரொறன்ரோவில் ஒரு ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் எட்டு வருடம் மெடிக்கல் லேப் டெக்னாலஜிஸ்டாக இருந்தேன். இங்கே எச்-4இல் வேலை செய்யக்கூடாது. அவருக்கு ஐ-140, அதாவது கம்பெனி போட்ட கிரீன் கார்ட் மனு, அனுமதியாகியிருப்பதால் எனக்கு வேலை அனுமதி அட்டைக்குப் போடலாம் என்றார்கள். நவம்பரில் போட்டோம், இன்னும் பதிலில்லை. சோசியல் செக்யூரிட்டி எண்ணும் இல்லை. கனடாவில் எனக்கு 800க்கு மேல் கிரெடிட் ஸ்கோர் இருந்தது, இங்கே நான் பூச்சியம். கைபேசி இணைப்பு அவர் பெயரில், வீடு அவர் பெயரில், கார் அவர் பெயரில். அவர் நல்ல மனிதர், ஒரு சதத்துக்கும் கணக்குக் கேட்டதில்லை. ஆனாலும் 22 வயதிலிருந்து சொந்தச் சம்பளம் எடுத்தவளுக்கு, கடையில் கார்டை நீட்டும்போது அதில் இன்னொருவர் பெயர் இருப்பது என்னவோ செய்கிறது.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். இங்கே கோயிலில் கதைக்க ஆரம்பித்தால், இரண்டாவது வசனத்திலேயே "நீங்க மலையாளமா?" என்று கேட்கிறார்கள். தமிழ்தான் என்றால், "ஓ, சிலோன் தமிழா, கேக்க அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பித் தங்கள் கதையைத் தொடர்வார்கள். ஸ்காபரோவில் மீன் கடைக்காரர் என் அப்பாவின் ஊரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார்.

இதே வழியில் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வேலைக்கு வேறு வழி ஏதும் உண்டா?


கொத்துரொட்டி
மார்ச் 4, காலை 7:15

வாங்க தங்கச்சி. நானும் ஸ்காபரோதான், இப்போது ஹூஸ்டன். மனைவி அமெரிக்கக் குடிமகள் என்பதால் என் பாதை வேறு. அவ எனக்காக ஐ-130 என்ற குடும்ப மனுப் போட்டு, கடைசியில் மொன்றியலில் நேர்முகம். கனடாவிலிருந்து குடிவரவு விசாவுக்குப் போகிற எல்லோருக்கும் மொன்றியல்தான், வன்கூவரில் இருந்தாலும் அங்கேதான் பறக்க வேண்டும்.

காத்திருந்த காலத்தில் ஒரு முறை அவவைப் பார்க்க வருகிறேன் என்று கிளம்பி, விமான நிலையத்தில் அமெரிக்கச் சோதனையிலேயே திருப்பி அனுப்பப்பட்டேன். (ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் அமெரிக்கக் குடிவரவுச் சோதனை கனடா மண்ணிலேயே முடிந்துவிடும். அதனால் திருப்பி அனுப்பப்பட்டால் நேரே பஸ் பிடித்து வீட்டுக்குப் போகலாம், அது ஒரு வசதி!) என்னுடைய பிழை என்னவென்றால், பையில் வாடகை வீட்டைக் காலி செய்கிற கடிதம் இருந்தது. பார்வையாளராகப் போகிறவன் ஏன் வீட்டைக் காலி செய்கிறான்? கேட்டார், பதில் இல்லை.

கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகுமுன் நுழைந்ததால் எனக்கு இரண்டு வருடத் தற்காலிக கிரீன் கார்ட்தான் கிடைத்தது. அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் ஐ-751 போட்டு, கல்யாணம் உண்மைதான் என்று இன்னொரு தடவை நிரூபிக்க வேண்டும். என் மனைவி அந்தப் படிவத்தைப் பார்த்துவிட்டு, "உங்கட குறட்டையைப் பதிவு செய்து அனுப்பினாப் போதும்" என்றா.


வின்சர்பாலம்
மார்ச் 4, மதியம் 1:02

தங்கச்சி, நான் தாதி. வின்சரில் இருந்துகொண்டு டிட்ராய்ட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்கு 11 வருடமாகப் போய் வருகிறேன். காலையில் சுரங்கப்பாதை, இரவில் பாலம். என்னைப் போலப் பல பேர் இருக்கிறார்கள். எல்லாம் டிஎன் என்ற வேலை அனுமதியில்தான்.

உங்களுக்கும் அது பொருந்தும். 1994இல் வந்த நாஃப்டா என்ற வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தில் தொழில்களின் பட்டியல் ஒன்று இருந்தது. 2020 ஜூலையில் புது ஒப்பந்தம் வந்தபோதும் அந்தப் பட்டியல் அப்படியே தொடர்கிறது. அதில் லேப் டெக்னாலஜிஸ்டும் இருக்கிறார். கனடாக் குடியுரிமை, படிப்புச் சான்றிதழ், அமெரிக்க முதலாளியின் கடிதம், அத்துடன் மருத்துவத் துறைக்காரர்களுக்கு மட்டும் 'விசாஸ்கிரீன்' என்ற சான்றிதழ். இவற்றைக் கொண்டுபோய் எல்லையிலேயே கேட்கலாம், எச்-1பி போலக் குலுக்கலும் இல்லை, பல மாதக் காத்திருப்பும் இல்லை. விசாஸ்கிரீன் எடுக்கத்தான் கொஞ்சம் நாளாகும். இன்றைக்கே தொடங்குங்கள்.


நோவைவாசி
மார்ச் 4, இரவு 9:48

அக்கா சொல்றது சரிதான். ஆனா தோழி, அவசரப்பட்டு டிஎன்னுக்குத் தாவிடாதீங்க. நான் இங்க வந்து 14 வருஷம் ஆகுது, இன்னும் எச்-1பிதான், அதனால இந்தச் சட்டங்கள் எல்லாம் வேண்டாமலே மனப்பாடம்.

டிஎன் தற்காலிகமா வர்றவங்களுக்கானது. 'ஒருநாள் ஊருக்குத் திரும்பிடுவேன்' என்கிற நோக்கம் இருக்கணும். உங்க கணவருக்கு ஐ-140 வந்தாச்சு, அடுத்தது ஐ-485, அதாவது இங்கேயே தங்கப் போறோம் என்கிற விண்ணப்பம். அதை நீங்க போட்ட பிறகு டிஎன்னைப் புதுப்பிக்கக் கேட்டா எல்லையில சிக்கல் வரும். எச்-1பி, எச்-4 அப்படி இல்லை, தங்கும் நோக்கம் இருந்தாலும் பரவாயில்லைன்னு சட்டமே அனுமதிக்குது. இன்னொரு முக்கியமான விஷயம்: ஐ-485 நிலுவையில இருக்கும்போது எச்-4இல் இருக்கிறவங்க தனியா பயண அனுமதி வாங்காமலேயே வெளிய போய்த் திரும்பலாம். மத்தவங்க பலர் அட்வான்ஸ் பரோல் (அந்தப் பயண அனுமதிதான்) கைக்கு வராம எல்லையைத் தாண்டினா விண்ணப்பமே கைவிடப்பட்டதா ஆயிடும்.


கண்டிவீதி
மார்ச் 5, காலை 2:20

நோவைவாசி அண்ணா கடைசியாக எழுதியதை எல்லோரும் இரண்டு தரம் வாசியுங்கள்.

நான் கே-1இல், அதாவது கலியாணம் செய்யப் போகிறவருக்கான விசாவில் வந்து, 90 நாளுக்குள் கலியாணம் முடித்து, ஐ-485 போட்டுவிட்டு பரோலுக்குக் காத்திருந்தேன். அப்பா ஸ்காபரோவில் மோசம் போனார். நான் இருந்தது பஃபலோவில். இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. அவசர அனுமதி கேட்டோம், நேரத்துக்கு வரவில்லை. செத்தவீட்டை லப்டொப்பில் பார்த்தேன். அந்தியேட்டிக்கும் போகவில்லை. பரோல் அதற்குப் பிறகு மூன்றாவது கிழமை வந்தது.

வேறொன்றும் எழுத வரவில்லை.


மார்க்கம்வீதி
மார்ச் 5, காலை 10:31

கண்டிவீதி அக்கா, உங்கள் பதிவை வாசித்துவிட்டு அம்மாவுக்கு அழைப்பெடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை, சும்மா கதைத்தேன்.

டிஎன் பற்றி அக்கா சொன்னதும் கால் நிலத்தில் நிற்கவில்லை, நோவைவாசி அண்ணா எழுதியதும் திரும்பவும் இருந்துவிட்டேன். எச்-4ஐ விடாமல் அட்டைக்கே காத்திருக்கப் போகிறேன்.

காத்திருக்கிற நேரத்தில் இன்னொரு தலையிடி. ஜனவரியில் களைப்பாக இருக்கிறது என்று ஒரு டாக்டரிடம் போனேன். இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ளவர்களின் வலைப்பின்னலுக்குள் இருக்கிற டாக்டர்தான், போகுமுன் பார்த்து வைத்தேன். அவர் இரத்தம் எடுத்து வெளி ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்பியிருக்கிறார். அந்த ஆய்வுக்கூடம் வலைப்பின்னலில் இல்லையாம். 640 டொலர் பில் வந்திருக்கிறது. முழு இரத்த எண்ணிக்கை, தைரோயிட், இரும்புச்சத்து. அண்ணாமாரே, இந்தப் பரிசோதனைகளை நானே என் கையால் ஒரு நாளைக்கு நூறு தரம் ஓட்டியிருக்கிறேன்! எட்டு வருடத்தில் ஒரு குழாய்க்கு என்ன விலை என்று ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை, எனக்கும் தெரியாது. ஒன்ராறியோவில் ஓஹிப் என்ற அரச மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் கதை முடிந்தது.

(இரும்புச்சத்துக் குறைவாம். அதை என் முகத்தைப் பார்த்தே அம்மா சொல்லியிருப்பா.)


நோவைவாசி
மார்ச் 5, மாலை 6:20

அந்தப் பணத்தை உடனே கட்டிடாதீங்க. முதல்ல வந்த தாளை எடுத்துப் பாருங்க. 'இது பில் அல்ல' என்று மேல அச்சடிச்சிருந்தா அது இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பின விளக்கம் மட்டும்தான். பில் ஆய்வுக்கூடத்திலிருந்து தனியா வரும். ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிடுங்க, தொகை ஒத்துப்போகலைன்னா போன் போடணும். போனுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்க, பேசினவங்க பேரு, தேதி, அழைப்பு எண் மூணையும் எழுதி வைங்க. வலைப்பின்னல்ல இருக்கிற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பாதது டாக்டர் ஆபீஸ் தவறுன்னு சொல்லி அவங்களையே மேல்முறையீடு பண்ணச் சொல்லுங்க. அதுவும் நடக்கலைன்னா, ஆய்வுக்கூடத்துக்கே போன் பண்ணி "கையிலிருந்து கட்டினா எவ்வளவு?" என்று கேளுங்க. என் அனுபவத்துல பல தடவை பாதிக்கும் கீழ வந்திருக்கு. இதைப் பேரம்னு நினைச்சுக் கூச்சப்படாதீங்க. மாட்டுத்தாவணியில வெங்காயம் வாங்குற மாதிரிதான், உங்க வீட்டுக்காரருக்கு நல்லாவே தெரியும்.

புதுசா வர்றவங்களுக்கு இன்னொன்னு. கல்யாணமானா வேலை இடத்து இன்சூரன்ஸ்ல துணையைச் சேர்க்கப் பொதுவா 30 நாள்தான் அவகாசம். தவறவிட்டா வருஷக் கடைசி வரைக்கும் உக்கார்ந்திருக்கணும். அப்புறம் டிடக்டிபிள். உதாரணத்துக்கு 3,000 டாலர்னு வைங்க. அது வரைக்கும் பெரும்பாலும் நாமதான் கட்டணும். திட்ட வருஷம் ஜனவரி ஒண்ணாம் தேதி தொடங்கினா அன்னிக்கு மறுபடி பூஜ்யத்திலேருந்து ஆரம்பிக்கும். நவம்பர்ல சேர்ந்து டிசம்பர்ல பெரிய வைத்தியம் பார்த்துட்டு ஜனவரியில தொடர்ந்தீங்கன்னா ரெண்டு வருஷக் கணக்கையும் நீங்களே சுமப்பீங்க. என் மனைவி பிரசவம் டிசம்பர் 30. டாக்டர் "இன்னும் ரெண்டு நாள் பொறுக்கலாமா?" என்றப்ப நான் போட்ட சத்தம் அந்த மாடி முழுக்கக் கேட்டிருக்கும்.


வரவுசெலவு
மார்ச் 6, காலை 8:05

தொழில்முறையில் வரி பார்ப்பவன். யாரும் கேட்காததைச் சொல்கிறேன்.

ஸ்காபரோவில் டிஎஃப்எஸ்ஏ என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறீர்களா? கனடாவில் அதற்கு வரி இல்லை. அமெரிக்கா அந்தச் சலுகையை ஏற்பதில்லை, வட்டிக்கும் லாபத்துக்கும் இங்கே வரி உண்டு, கூடவே படிவத் தொல்லை. ஆர்ஆர்எஸ்பி என்ற ஓய்வுகாலச் சேமிப்பு பிரச்சினை இல்லை, இரு நாட்டு ஒப்பந்தப்படி எடுக்கும்வரை வரி தள்ளிப்போகும். வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும், அதில் ஆர்ஆர்எஸ்பியும் சேர்த்திதான். அம்மாவின் கணக்கில் உங்கள் பெயரும் சேர்ந்திருந்தால் அதுவும். இதைச் சொன்னால் எல்லோரும் "அது அம்மாவுடைய காசு" என்கிறார்கள். யாருடைய காசு என்பதை அந்தப் படிவம் கேட்பதில்லை.

சோசியல் செக்யூரிட்டி எண் இல்லாதவருக்கு ஐடின் என்ற வரி அடையாள எண் எடுத்துக் கணவருடன் சேர்ந்து தாக்கல் செய்யலாம். பெரும்பாலும் வரி குறையும். ஆனால் நீங்கள் ஆகஸ்டுவரை கனடாவில் வாங்கிய சம்பளத்தையும் அதில் காட்ட வேண்டிவரும், அங்கே கட்டிய வரிக்குக் கழிவு உண்டு. கனடாப் பக்கமும் புறப்பட்ட தேதியை எழுதிக் கடைசி வரித் தாக்கல் செய்துவிடுங்கள். வேலை செய்த எட்டு வருட சிபிபி (கனடா ஓய்வூதியத் திட்டம்) வீணாகாது. 1984இலிருந்தே இரு நாட்டு ஓய்வூதியத்துக்கும் ஒப்பந்தம் இருக்கிறது, தேவைப்பட்டால் இரண்டையும் சேர்த்துத் தகுதி பார்ப்பார்கள்.


கொத்துரொட்டி
மார்ச் 6, காலை 8:40

வரவுசெலவு அண்ணை, அம்மா பிடிக்கிற சீட்டுக்கும் படிவம் இருக்கா? 😄


வரவுசெலவு
மார்ச் 6, காலை 8:52

அந்தக் கேள்வியை நான் பார்க்கவில்லை.


நோவைவாசி
மார்ச் 6, இரவு 10:15

மார்க்கம்வீதி, சும்மா உங்க முதல் பதிவைத் திரும்பப் படிச்சிட்டிருந்தேன். தலையில அடிச்சுக்கிட்டேன். தொடக்கத்திலேயே இருக்கு, நாங்க யாரும் கவனிக்கலை.

நீங்க பிறந்தது யாழ்ப்பாணம்.

உங்க கணவர் மதுரை, அதாவது இந்திய வரிசை. வேலை வழி கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான் உச்சவரம்பு. அதனாலதான் எங்களை மாதிரி ஆளுங்க பத்து வருஷத்துக்கும் மேல நிக்கிறோம். இந்தக் கணக்குல நாடு என்பது பாஸ்போர்ட் இல்லை, பிறந்த இடம். ஆனா கணவன் மனைவி சேர்ந்து விண்ணப்பிக்கும்போது ஒருத்தர் பிறந்த நாட்டை மத்தவரும் எடுத்துக்கலாம். கிராஸ் சார்ஜபிலிட்டி என்பாங்க. நீங்க இலங்கை. இலங்கைக்குத் தனி வரிசை இல்லை, 'மற்ற எல்லா நாடுகள்' என்கிற பத்தியில வரும். உங்க கணவரோட முன்னுரிமைத் தேதி, அதாவது வரிசையில இடம் பிடிச்ச தேதி, என்ன? எந்தப் பிரிவு?


மார்க்கம்வீதி
மார்ச் 6, இரவு 10:58

இபி-2, அதாவது வேலை வழியில் இரண்டாம் பிரிவு. 2021 ஜூன். கம்பெனி வக்கீல் "இன்னும் பல வருடம் எடுக்கும், எதிர்பார்க்காதீர்கள்" என்றுதான் சொன்னாராம். அவருடைய பைலில் நான் 'கனடியப் பிரஜை' என்று மட்டும்தான் இருக்கிறது. பிறந்த இடம் ஒருவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.


நோவைவாசி
மார்ச் 6, இரவு 11:04

வெளியுறவுத் துறை மாசா மாசம் போடுற விசா புல்லட்டினைத் திறந்து, இபி-2 வரியில முதல் பத்தியைப் பாருங்க. 2021 எப்பவோ தாண்டியாச்சு. நாளைக்குக் காலையில வக்கீலுக்கு மெயில் போடுங்க, உங்க பிறப்புச் சான்றிதழோட. ரெண்டு பேரும் ஒண்ணா ஐ-485 போடணும், அதுதான் முக்கியம். இந்த வரிசையும் சில மாசம் பின்னுக்குப் போறது உண்டு, அதனால தள்ளிப் போடாதீங்க.

பொறாமையா இருக்கு. என் மனைவி பிறந்தது திண்டுக்கல்.


மல்லிகைத்தீவு
மார்ச் 7, காலை 6:33

இது எனக்கும் பொருந்துமா? என் அப்பா அம்மா வல்வெட்டித்துறை. 87இல் படகில் வந்து, நான் பிறந்தது திருச்சியில். பிறகு கனடா. என் கணவரும் இந்தியப் பிறப்புத்தான்.


நோவைவாசி
மார்ச் 7, காலை 7:50

பொதுவா இல்லைங்க. திருச்சியில பிறந்தா கணக்குக்கு இந்தியாதான். ஒரு சின்ன விதிவிலக்கு இருக்கு: பிறந்த நாட்டுல அப்பா அம்மா ரெண்டு பேருமே பிறக்கலை, பிள்ளை பிறந்தப்ப அங்க வசிக்கவும் இல்லைன்னா, பெற்றோர் நாட்டை எடுத்துக்கலாம். உங்களுக்கு முதல் பாதி பொருந்துது. ரெண்டாவது பாதி? அகதியா வாடகை வீட்டுல இருந்ததை 'வசித்தது' என்று எடுத்துக்குவாங்களான்னு ஒரு நல்ல வக்கீல்தான் சொல்லணும். கேட்டுப் பார்க்கறதுல நஷ்டம் இல்லை.


மல்லிகைத்தீவு
மார்ச் 7, காலை 8:11

கேட்கிறேன். நாலு வருடம் இருந்தோம். அம்மா இன்றைக்கும் அதை 'தற்காலிகம்' என்றுதான் சொல்லுவா.


நெறியாளர்
மார்ச் 7, காலை 9:00

ஒரு குறிப்பு. குடிவரவு விண்ணப்பங்களில் அமைப்புகள், நன்கொடைகள் பற்றிய கேள்விகள் உண்டு. ஈழத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு அவை பாரமான கேள்விகள். புலிகள் அமைப்பு 1997 முதல் அமெரிக்காவின் தடைப் பட்டியலில் இருக்கிறது. தயவுசெய்து சொந்தக் குடும்பக் கதையை இங்கே பொதுவில் எழுதி ஆலோசனை கேட்காதீர்கள். படிவத்தில் மறைக்கவும் வேண்டாம். வக்கீலிடம் நேரே பேசுங்கள்.


மார்க்கம்வீதி
மார்ச் 25, இரவு 9:17

மூன்று கிழமை சத்தமில்லாமல் இருந்ததற்கு மன்னியுங்கள்.

வக்கீல் முதலில் இரண்டு நாள் பதிலே போடவில்லை. மூன்றாம் நாள் அவரே அழைத்து, "நீங்கள் எங்கே பிறந்தீர்கள் என்று இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்றார். பிறகு எல்லாம் கெதியாக நடக்கிறது. அடுத்த மாதம் ஐ-485 இரண்டும் போகும். வேலை அனுமதியும் அதனோடு திரும்பக் கேட்கலாமாம், எது முதலில் வருகிறதோ அது. கணவர் ஊருக்கு அழைத்துச் சொன்னபோது மாமி கேட்டாவாம், "யாழ்ப்பாணத்துப் பொண்ணு வந்த அதிர்ஷ்டமா?" என்று. கல்யாணத்துக்கு முன் அதே யாழ்ப்பாணத்துக்கு அவ சொன்னது வேறு, போகட்டும்.

இரத்தப் பில் 640இலிருந்து 210க்கு வந்தது. மூன்று அழைப்பு, மொத்தம் இரண்டே கால் மணித்தியாலம். கணவர் பக்கத்தில் இருந்து "இன்னும் கேள், இன்னும் கேள்" என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது புதுச் சிக்கல். என் பிறப்புச் சான்றிதழ் முழுக்கத் தமிழில். அம்மா 95 இடப்பெயர்வில் பிஸ்கட் டின்னுக்குள் வைத்துத் தூக்கிவந்த மூலப் பிரதி. போன சனிக்கிழமை ஸ்காபரோ போய் எடுத்து வந்தேன். ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டுமாம். எனக்கும் கணவருக்கும் இரண்டு மொழியும் தெரியும், நாங்களே செய்யலாமா?


வின்சர்பாலம்
மார்ச் 25, இரவு 9:50

நீங்களோ கணவரோ செய்ய வேண்டாம். உங்கள் சொந்த விண்ணப்பம், வீண் கேள்வி வரும். இரண்டு மொழியும் தெரிந்த வேறு யாராவது மொழிபெயர்த்து, 'முழுமையாகவும் சரியாகவும் மொழிபெயர்த்தேன், இரு மொழியும் எனக்குத் தெரியும்' என்று எழுதிக் கையெழுத்து, பெயர், முகவரி, தேதி போட்டால் போதும். நான் செய்து தருகிறேன். இங்கே பலருக்குச் செய்திருக்கிறேன். பழைய பதிவாளர்களின் கையெழுத்து எனக்குப் பழகிவிட்டது. ஞாயிறு எனக்கு லீவு. நோவை வெங்கடேஸ்வரா கோயிலுக்கு 11 மணிக்கு வாருங்கள், டின்னோடு வேண்டாம், தாளை மட்டும் கவனமாகக் கொண்டுவாருங்கள்.


மார்க்கம்வீதி
மார்ச் 25, இரவு 9:58

வாறன் அக்கா. ரோல்ஸ் செய்து கொண்டுவாறன். மரக்கறி ரோல்ஸ்தான், கோயில் என்றபடியால். போன சனிக்கிழமை அம்மா தந்த ஆட்டிறைச்சி ரோல்ஸ் இருபதும் எல்லையில் குப்பைக்குப் போய்விட்டது, அதை அவவுக்கு இன்னும் சொல்லவில்லை.


நோவைவாசி
மார்ச் 25, இரவு 10:01

ஞாயிறு 11 மணிக்கு நானும் கோயில்லதான் இருப்பேன். தற்செயலா.